வரட்டுமே என்றால் வேண்டாம்

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன் மேடம்" என்று அவர் வேனிலிருந்து இறங்கினால் நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிடுவேன். பார்த்து என்ன ஆகப்போகிறது. அந்த ஒரு வார்த்தை இருபது நிமிடத்துக்குக் குறைவாக முடிந்ததாக எனக்கு நினைவே இல்லை. வேனுக்குள் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் தொப்பியால் விசிறிக்கொண்டிருப்பார்கள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார். இவரோ ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில், நாங்கள் போகவே போகாத ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நாங்கள் எந்த வீட்டுக்குப் போகிறோம், வந்திருப்பவர்கள் எந்த தேசம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருப்பார்.

"அவங்க வீட்டுக்கு நாம போகலையே சார்" என்று ஒரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"அதனாலதான் மேடம் சொல்லணும். போற வீட்டுக்குத்தான் தெரியுமே. போகாத வீட்டுக்குத்தான வருத்தம் வரும்."

நானும் வேனுக்குள் உட்கார்ந்து விசிறிக்கொண்டேன்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஸ்ரீரங்கத்திலும் உறையூரிலும் அவர் மிக்ஸிக்காரர். என் போனில் இன்றும் 'மிக்ஸி' என்றுதான் அவர் எண் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, எப்போதும் அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர். ஒரு பழைய மொபெட்டின் முன்னால் ரெக்ஸின் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் பழுது பார்ப்பவர். கடை கிடையாது. மடி, ஆசாரம் பார்க்கிற வீடுகளில் மிக்ஸியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். இவர் வாசல் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து வேலையை முடிப்பார். போகும்போதும் கையைக் கழுவுவார். அது எதற்கு என்று கேட்டால், "கிரீஸ் கையோட கேட்டைத் தொட்டா அழுக்காயிடும்ல" என்பார்.

நான் ஒரு ஹோட்டல் வேலையை விட்டுவிட்டுத் திருச்சியிலேயே சிறிய சுற்றுலா நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்த சமயம் அது. ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வருகிறவர்களிடம் முன்கூட்டியே, என்ன பார்க்க ஆசை, யாரைச் சந்திக்க ஆசை என்று கேட்டு, அவரவருக்குத் தகுந்தபடி பயணத்தை வகுத்துக்கொடுப்பேன். காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. முதல் வருடம் வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே மாதிரி எழுதிவிட்டுப் போனார்கள். கோபுரம் பிரமாதம், மலைக்கோட்டை பிரமாதம், ஆனால் ஹோட்டல் சர்வரைத் தவிர ஒரு மனிதரோடும் பேசவில்லை.

சரி, வீடுகளைப் பிடிப்போம் என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன். நாலைந்து பேர் முன்வந்தார்கள். அவர்கள் பட்டுப்புடவை கட்டி, சோபாவுக்குப் புது உறை போட்டு, தட்டில் பிஸ்கட் அடுக்கி, ஆங்கிலத்தில் பேசினார்கள். ஒருவர் தன் மகனுக்கு அவர்கள் நாட்டில் வேலை கிடைக்குமா என்று கேட்டு அவனுடைய விவரங்களைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார். வந்தவர்கள் பாவம், வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள்.

அந்த வாரத்தில்தான் என் வீட்டு மிக்ஸி தேங்காய்ச் சட்னியோடு நின்றுபோனது. பக்கத்து வீட்டில் சொல்லி இவர் வந்தார். கப்ளர் மாற்றிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் அவருக்கு ஐந்து போன் வந்தது. ஒன்றுகூட மிக்ஸியைப் பற்றியது இல்லை. ஒரு வீட்டில் முழங்கால் வலிக்கு எந்த டாக்டரிடம் போகலாம் என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில், பையன் சொல்லாமல் காலேஜுக்கு மட்டம் போட்டிருக்கிறான், வழியில் பார்த்தால் சொல்லுங்கள் என்றார்கள். எனக்குப் பொறி தட்டியது.

"உங்களுக்கு எத்தனை வீடு சார் தெரியும்?"

"வீடு தெரியாதுங்க. மிக்ஸி தெரியும்" என்றார்.

என் திட்டத்தைச் சொன்னேன். ஜாரை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எந்த வீடாக இருந்தாலும் அவர்தான் நேரில் போய்க் கேட்பார். நான் போன் செய்யக் கூடாது.

"போன்ல கேட்டா என்ன சார், ஒரு நிமிஷ வேலை."

"இந்த ஊர்ல போன்ல யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க மேடம். நேர்ல போனாத்தான் தெரியும். 'வரட்டும்'னு சொன்னா வரட்டும். 'வரட்டுமே'ன்னு சொன்னா வேணாம். 'அதுக்கென்ன'ன்னு சொல்லிட்டு உள்ள திரும்பிப் பாத்தாங்கன்னா, நாமளா இன்னொரு நாள் வரோம்னு சொல்லிட்டு வந்துடணும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு போர்டு கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. எந்த வாசல்ல நின்னாலும் உள்ள வாங்கன்னு சொல்றாங்க பாருங்க, அதான் மேடம் என் தொழில். அது போச்சுன்னா இந்த ஸ்க்ரூ டிரைவரை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது" என்றார்.

அப்படித் தொடங்கியது இந்தத் தலைவலி.

நான் ஒரு நாளில் முடிக்க நினைக்கும் காரியத்தை அவர் இரண்டு வாரம் இழுப்பார். வீட்டு ஐயாவிடம் கேட்டால் போதாது, காப்பி போடப்போகிற அம்மாவிடமும் கேட்க வேண்டும். அம்மா சரி என்றால் வேலைக்கு வருகிற பெண்ணிடமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆறு டம்ளர் கூடுதலாகக் கழுவப்போவது அவர்தான். வேன் யார் வீட்டுச் சுவரோரம் நிற்கும், அவர்களிடம் சொல்லியாக வேண்டும். திருவெறும்பூரில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் வீட்டுக்குப் போக, அவர் வீட்டு நாய்க்கு எந்த நேரத்தில் சோறு வைப்பார்கள் என்றுகூடக் கேட்டுக்கொண்டு வந்தார். சாப்பிட்ட பிறகு போனால் குரைக்காதாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நாய் குரைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

போய்விட்டு வந்த பிறகும் விடமாட்டார். விருந்தாளிகள் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு அந்தந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பார். வேனில் வந்ததும் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று என்னைக் கேட்பார். "ரசம் காரம்னு சொன்னாங்க சார், விடுங்க" என்பேன். மறுநாள் அந்த வீட்டில் போய் அப்படியே சொல்லியிருப்பார். அந்த அம்மா கோபித்துக்கொண்டு, அடுத்த குழு வந்தபோது மிளகைக் குறைத்து ஒரு பாத்திரம், குறைக்காமல் ஒரு பாத்திரம் என்று இரண்டு ரசம் வைத்தார். நல்லதாக ஒரு பொய் சொன்னால் என்ன என்று நான் சத்தம் போட்டதற்கு, "காரம்தான மேடம் சொன்னாங்க" என்று திருப்பிக் கேட்டார்.

பொய் அவருக்கு வரவே வராது. உறையூரில் ஒரு வீட்டுக்கு நாலு பேரை அழைத்துப் போயிருந்தோம். அந்த வீட்டுப் பெண் வீணை வாசிப்பதாக ஏற்பாடு. சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய அம்மா, "அண்ணே, வந்ததுதான் வந்தீங்க, இதைக் கொஞ்சம் பாத்துடுங்க" என்று மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டார். இவரும் உட்கார்ந்து பிரித்துவிட்டார். வந்திருந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். வீணையை விட்டுவிட்டு இவர் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்தார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. கார்பன் தேய்ந்திருப்பதை இவர் விரலால் காட்ட, அவர் தலையை ஆட்ட, ஏதோ கூடப்பிறந்தவர்களைப் போல ஒரு மணி நேரம். வீணை வாசித்த பெண்ணைச் சமாதானப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஊருக்குத் திரும்பிய எஞ்சினியர், பயணத்திலேயே சிறந்தது மிக்ஸி பழுது பார்த்ததுதான் என்று இணையத்தில் எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டு அடுத்த குழு முன்கூட்டியே கேட்டது. எங்களுக்கும் மிக்ஸி உண்டா? நானும் விட்டேனா, பயணத் திட்டத்தில் சேர்த்துவிட்டு இவரிடம் சொன்னேன். "நாளைக்கு அந்த வீட்டுல ஒரு மிக்ஸியைப் பிரிச்சு மாட்டுங்க சார். சும்மா காட்டறதுக்குத்தான்."

"ரிப்பேரா மேடம்?"

"ரிப்பேர் இல்ல. நல்லாத்தான் ஓடுது."

"நல்லா ஓடற மிக்ஸியை எப்படி மேடம் பிரிக்கிறது" என்றார். கோபமே இல்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. நான் கெஞ்சினேன், அதட்டினேன். மனிதர் மசியவில்லை. விருந்தாளிகளிடம் மெக்கானிக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கும் அவர், "ஏன் மேடம், நான் நல்லாத்தான இருக்கேன்" என்றார்.

இன்னொரு வழக்கமும் அவர் ஏற்படுத்தியதுதான். வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளைக் கேள்வி கேட்பார்கள். எங்கள் ஊரில் கேட்காமல் இருப்பார்களா. அப்பா அம்மா இருக்காங்களா, கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தைங்க எத்தனை. முதலில் நான் இவற்றை மொழிபெயர்க்காமல், "உங்கள் பயணம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்" என்று நாகரிகமாக மாற்றிவிடுவேன். இவருக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர, கொஞ்சம் புரியும். "மேடம், அவங்க கேட்டதை நீங்க கேக்கல" என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கினார். வேறு வழியில்லாமல் உள்ளது உள்ளபடி கேட்டேன். ஆச்சரியம், வந்தவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. கல்யாணமே ஆகவில்லை என்று ஒருத்தி சொல்ல, வீட்டு அம்மா ஏன் என்று கேட்க, அவள் தன் கதையை எல்லாம் சொல்ல, கூடத்தில் ஒரே பேச்சு.

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. 'உள்ளூர் மக்கள் கேட்கும் கேள்விகள்' என்று ஒரு தாள் தயார் செய்தேன். தமிழ் வாக்கியங்களை ஆங்கில எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே பொருளும் எழுதி, நீங்களும் அவர்களைத் திருப்பிக் கேளுங்கள் என்று ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவேன். சிவப்பு முகத்தோடு ஒருவர் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று தமிழில் கேட்டால் வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அதைப் போலக் கூச்சத்தைப் போக்க வேறொன்று கிடையாது என்று எனக்குப் பெருமை.

இவர் அந்தத் தாளைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன கேக்கணும்னு எழுதிட்டீங்க. யார்கிட்ட கேக்கக் கூடாதுன்னு எப்படி எழுதுவீங்க மேடம்?"

எல்லாவற்றுக்கும் ஒரு நொட்டை சொல்ல வேண்டுமா என்று அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

சித்திரை வீதியில் ஒரு மாமி வீடு எங்களுக்கு வழக்கமான வீடு. மாமா கோயிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் இருப்பவர். மாமி கோலம் போடக் கற்றுக்கொடுப்பார், புளியோதரை கொடுப்பார். அந்த வீட்டுக்கு நாங்கள் அதற்குள் ஐந்தாறு முறை போயிருந்தோம். ஒவ்வொரு முறையும் இவர் புதிதாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

ஒரு பெரிய பயண நிறுவனம் ஆறு பேரைத் திடீரென்று என்னிடம் அனுப்பியது. இவர்கள் திருப்தியாகத் திரும்பிப் போனால் இனி மாதம் ஒரு குழு என்று பேச்சு. நாளைக் காலை ஸ்ரீரங்கம். மாமி வீடுதான் வேண்டும் என்று முடிவு செய்து, இவரைக் கூப்பிட்டேன்.

"காலைல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்."

"காலைல அவங்க வந்துடுவாங்க சார். அஞ்சு தடவை போன வீடு. இதுல என்ன கேக்க வேண்டியிருக்கு?"

"போன தடவை சொன்னது போன தடவைக்குத்தான மேடம்."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனை வைத்துவிட்டு நேராக மாமியைக் கூப்பிட்டேன். நாளைக்குக் காலையில் ஆறு பேரை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன்.

"நாளைக்கா?" என்றார் மாமி. கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்கென்ன. வரட்டுமே."

எனக்கு அது சம்மதமாகத்தான் கேட்டது. நாளைக்கு நீங்கள் வர வேண்டாம், எல்லாம் பேசியாகிவிட்டது என்று இவருக்குச் செய்தி அனுப்பினேன். அப்பாடா, நாளைக்கு ஒரு நாளாவது நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பலாம் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் பத்து மணிக்குச் சரியாக மாமி வாசலில் நின்றோம். மாமி முகம் சரியாக இல்லை. கோலப்பொடி டப்பாவை எடுத்து வைத்தார், வாங்கோ என்றார். எதிர் வீட்டு மாமியும் வழக்கம்போல வேடிக்கை பார்க்க வந்து நின்றுகொண்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் தட்டில் தண்ணீர் கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கும். மாமியின் பெண், பெங்களூரில் இருக்கிறாள் என்று மாமி காட்டிய படத்தில் பார்த்திருக்கிறேன். லீவில் வந்திருக்கிறாள் போல என்று நினைத்தேன். தெருவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. மாமி அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி, நல்ல மனுஷி, முதல் நாளிலிருந்தே என் தாளைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தவர். டம்ளரை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து வாய் நிறையச் சிரித்து, ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. மாமியின் கையிலிருந்த டப்பா அப்படியே நின்றது. அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்தாள். கேட்டவரைப் பார்க்காமல், எதிர் வீட்டு மாமியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆச்சு. முடிஞ்சும் போச்சு. போன வாரம் கோர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். இனிமே மாப்பிள்ளை எப்ப வரார்னு அம்மாவைக் கேக்காதீங்கோ."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெல்ஜியப் பெண்மணி என் பக்கம் திரும்பி, என்ன சொன்னாள் என்று ஆவலாகக் கேட்டார். ஆமாம், ஆகிவிட்டதாம் என்று சொன்னேன். அவர் கைதட்டி, உள்ளே பார்த்து, "வாழ்த்துகள்" என்று தமிழில் உரக்கச் சொன்னார். அதுவும் என் தாளில் இருந்ததுதான்.

எப்படி வேனில் ஏறினோம் என்று நினைவில்லை. மத்தியானம் இவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். "சரி மேடம்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கூப்பிட்டால், "சர்வீஸ் வேலை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குங்க" என்பார். சரி, முறுக்கிக்கொண்டிருக்கிறார், எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். மாமி வீட்டுக்குப் போக எனக்கு முகமில்லை. போனிலும் கூப்பிடவில்லை. ஆனால் அதே தெருவில் எதிர் வீட்டு மாமி, நீங்கள் எங்காத்துக்கு வரக்கூடாதா என்று அவரே கேட்டார். அடுத்து இன்னொரு வீடு. பெரிய நிறுவனம் மாதம் ஒரு குழுவை ஒழுங்காக அனுப்பியது. போன் செய்தேன், போனேன், வந்தேன். இந்த மனிதர் இல்லாமலும் எல்லாம் நடக்கத்தானே செய்கிறது என்று எனக்குள் ஒரு கர்வம்கூட வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா.

ஏழு மாதம் கழித்து, எதிர் வீட்டு மாமி என் விருந்தாளிகளுக்கு வடை செய்து காட்டிக்கொண்டிருந்தபோது மிக்ஸி நின்றுவிட்டது.

"மிக்ஸிக்காரரைக் கூப்பிடட்டுமா மாமி?" என்றேன்.

"ஐயோ, அவர் வேண்டாம். அவரை இந்தத் தெருவுல யாரும் கூப்பிடறதில்லையே. நோக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

"அந்தப் பொண்ணு கோர்ட் விஷயத்தைச் சொன்ன அன்னிக்குச் சாயங்காலம் எதிராத்துக்கு வந்தாரே. வாசல்ல நின்னுண்டு, தப்பு என்னுதுங்க மாமி, நான்தான் மேடத்தைத் தாராளமாப் போங்கன்னு அனுப்பினேன், பாப்பா விஷயம் நேக்கு முன்னாடியே காதுல விழுந்துது, மேடத்துக்கிட்ட சொல்ல மறந்துட்டேன்னார். எப்படி இருக்கு பாரு. தெரிஞ்சுண்டே பண்ணிருக்கார். அந்த மாமி விட்டாளா, வாயில வந்ததெல்லாம் கேட்டுட்டா. தெருவே பாத்துது. ஆத்துக்குள்ள வந்து போயிண்டு இருக்கிற மனுஷன், அவருக்கே இங்கிதம் இல்லேன்னா எப்படி? அதோட எல்லாரும் நிறுத்திட்டா. உன் மேல யாருக்கும் ஒண்ணும் கிடையாது. நீ என்ன பண்ணுவே, அவர் சொல்லித்தானே வந்தே."

விருந்தாளிகள் மாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அவர்களை ஹோட்டலில் இறக்கிவிட்டு நேராக உறையூருக்குப் போனேன்.

வீட்டு வாசற்படியில் ஒரு மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க மேடம். பிளேடு கிடக்கு, மிதிச்சிடாதீங்க."

"எதுக்கு சார் அந்தப் பொய்யைச் சொன்னீங்க? உங்களுக்கு எதுவுமே தெரியாது. நான்தானே உங்களை வேணாம்னு சொல்லிட்டுப் போனேன்."

திருகாணிகளை ஒரு மூடியில் எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். "நான் போறப்ப மாமி பாப்பாவைத் திட்டிக்கிட்டிருந்தாங்க மேடம். தெருவுல வச்சு ஏண்டி சொன்னேன்னு. அது பதிலே பேசாம நின்னுக்கிட்டிருந்தது. மாமிக்கு அன்னிக்கு யாரையாவது திட்டியே ஆகணும். நான் குறுக்க பூந்தேன். அவ்வளவுதான்."

"என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல? நான் செஞ்சதுதானே?"

"உங்களை அந்த வீட்டுக்கு முதல்ல கூட்டிட்டுப் போனது யாரு?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் கேட்டார்கள் இந்தத் தியாகத்தை? இப்போதே போய் மாமியிடமும் தெருவிடமும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். அப்போதுதான் அவரும் எழுந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"வேணாம் மேடம். பாப்பா இப்ப ஒரு ஸ்கூலுக்கு வேலைக்குப் போகுது. தெருவுல அந்தப் பேச்சு இப்பத்தான் அடங்கியிருக்கு. நீங்க போய் அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஆரம்பிச்சா, அவங்க எல்லாரும் மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க. எனக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கறதுக்கு அந்தப் பொண்ணை எதுக்கு இழுக்கறீங்க?"

"அப்ப உங்க பிழைப்பு?"

"உறையூர் இருக்குல்ல" என்றார்.

உறையூர் இருந்தது. ஆனால் அவருக்குப் பிழைப்பு ஸ்ரீரங்கம்தான் என்பது எனக்குத் தெரியும். ஒரு தெரு நிறுத்தினால் பக்கத்துத் தெருவும் நிறுத்தும் என்பதும் தெரியும். அந்த வாசற்படியில் நின்று அவரிடம் நான் கத்தியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. முட்டாள் என்றுகூடச் சொன்னேன். "சரிங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டார். போன வருடம் ஓசூரில் இருக்கிற மகனோடு இருக்கப் போய்விட்டார் என்று வேன் டிரைவர் சொல்லித் தெரிந்தது. மொபெட்டை விற்றுவிட்டாராம்.

நான் மாமியிடம் இன்று வரை சொல்லவில்லை. மிக்ஸிக்காரர் சொன்னபடி அந்தப் பெண்ணுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேனா, எனக்காகச் சொல்லாமல் இருக்கிறேனா என்று யோசிக்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. செத்தாலும் மன்னிக்க மாட்டேன் அந்த மனிதரை. என்னை எதுவும் செய்ய முடியாதபடி ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தான் பாட்டுக்கு ஓசூரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

போன மாதம் ஒரு குழுவோடு எதிர் வீட்டு மாமி கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கும்பகோணத்திலிருந்து அவருடைய நாத்தனார் வந்திருந்தார். என்னை அறிமுகப்படுத்தினார் மாமி.

"ரொம்ப நல்லவ. ஒரு மிக்ஸிக்காரரை நம்பி, பாவம், ஒரு தடவை நன்னா மாட்டிண்டா. ஆனா இன்னி வரைக்கும் அந்த மனுஷனைப் பத்தி ஒரு குறை சொல்லிருப்பாளோ? மூச்சு விட்டதில்லை. இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்த குணம்?"

நாத்தனார் என்னைப் பரிவோடு பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டார். மாமி உள்ளே போய் காப்பி கொண்டு வந்து, விருந்தாளிகளுக்கு முன்னால் முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன்.